நூலுக்கு நின்ற லாரி

என் மச்சான் ஏகாம்பரத்துக்கு,

எங்கே இருந்தாலும் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இதைக் கேள்.

உன் மகன் சிவா டிப்பர் லாரியை விட்டு இறங்கிவிட்டான். அடுத்து எதில் ஏறினான் என்று உடனே கேட்பாய், எனக்குத் தெரியும். எந்தக் கதையானாலும் கடைசியில் என்ன ஆச்சு என்று தெரிந்துகொண்ட பிறகுதான் நீ முதலிலிருந்து கேட்பாய். இந்தத் தடவை அப்படி விடமாட்டேன். வரிசையாகத்தான் சொல்வேன்.

எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். ஊர்ப் பலகைகளை நீதான் எனக்குப் படித்துச் சொல்வாய். ஒரு தடவை சொன்னால் போதும், அடுத்த தடவை அந்த வளைவையும் மரத்தையும் வைத்தே ஊரைச் சொல்லிவிடுவேன். இன்றைக்கும் அத்தனையும் மனசில் அப்படியே இருக்கிறது, மரங்களைத்தான் ரோடு போடுகிறவர்கள் எடுத்துவிட்டார்கள். நான் சொல்லச் சொல்ல உன் மருமகள் மல்லிகா எழுதுகிறாள். என் பேச்சை எழுத்து நடையில் மாற்றிக்கொள்கிறாள். யார் என்ன பேசினார்களோ அதை மட்டும் பேசினபடியே போடச் சொல்லியிருக்கிறேன்.

உன் நினைவு நாளன்று லாரி ஸ்டாண்டு டீக்கடையில், உன் படத்துக்குக் கீழே இதை ஒட்டப்போகிறோம். அங்கே டீ குடிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் இருக்கிற வண்டியை விட்டு நல்ல வண்டி கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறவர்கள். அவர்களும் படிக்கட்டும்.

உனக்கும் எனக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. நீ பிள்ளையார்பாளையத்து நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. நான் முசரவாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள் வீட்டுப் பிள்ளை. நீ தறியை விட்டு லாரி ஏறினாய், உன் லாரியில் நான் கிளீனராக ஏறினேன். முதல் நாள், பஞ்சரான டயரை நான் கழற்றத் தெரியாமல் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தபோது, "இன்னா மச்சான், டயரைக் கழட்றியா, தாலாட்டறியா?" என்றாய். அன்றிலிருந்து மச்சான். உன் பிள்ளைக்கு நான் மாமா, அவன் பெண்டாட்டிக்கு நான் பெரியப்பா. நீ வாய்க்கு வந்தபடி வைத்த உறவு. இன்றைக்கு உன் வீட்டில் அதுதான் எனக்கு இலை போடுகிறது.

காலை வேளையில் சாப்பிட வீட்டுக்கு வண்டியைக் கொண்டுபோவோமே, அது ஞாபகம் இருக்கிறதா? உன் தெருவில் அந்நேரம் பாவு போட்டிருப்பார்கள். பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, இழை இழையாகப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். தெருமுனையிலேயே நீ எஞ்சினை அணைத்துவிடுவாய். ஹாரன் அடிக்கமாட்டாய், இறங்கிக் கேட்கவும் மாட்டாய். பாவில் நிற்கிறவர் நிமிர்ந்து பார்த்துக் கையைத் தூக்கினால்தான் வண்டி நகரும். ஒரு நாள் பசி தாங்காமல் நான் ஹாரன் மேல் கை வைத்தேன். "எடுறா கைய. நூலுக்குக் காது கேக்காது, அங்க நிக்கற எங்கப்பனுக்குக் கேக்கும்" என்றாய்.

அப்போதெல்லாம் சிவா உன் மடியில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கியரையும் பிரேக்கையும் பழகினதைப் போலவே அந்தக் காத்திருப்பையும் பழகிக்கொண்டான். அது அவனை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று சொல்கிறேன், கேள்.

நீ போன பிறகு அவன் ஜல்லி அடிக்கிற டிப்பரில் ஏறினான். அந்த வண்டியில் மாதச் சம்பளம் கிடையாது, போய்வருகிற நடைக்குத்தான் கூலி. அதனால் யாரும் சாப்பிட நிறுத்தமாட்டார்கள், தூங்கவும் நிறுத்தமாட்டார்கள். முதலாளி திட்டவே மாட்டார். அடுத்தவன் எத்தனை நடை அடித்தான் என்று சிரித்துக்கொண்டே சொல்வார், அவ்வளவுதான். நாம் ஓட்டின காலத்தில் வண்டி சூடானால் மரத்தடியில் படுத்தோம். இந்தக் காலத்தில் வண்டி சூடாவதில்லை, மனுஷன்தான் சூடாகிறான். நீ இருந்திருந்தால் அவனை அதில் ஏற விட்டிருப்பாயா?

போன ஆடியில் செய்யாறு ரோட்டில் பட்டப்பகலில் கண் அசந்துவிட்டான். வண்டி ரோட்டை விட்டு இறங்கி ஒரு புளியமரத்துக்கு முன்னால் நின்றது. யாருக்கும் அடியில்லை. வீட்டுக்கு வந்து அவன் சொன்னபோது மல்லிகா தறியில் இருந்தாள். அழவில்லை, சத்தம் போடவில்லை.

"அந்த வண்டிக்கு இனிமே சோறு கட்டமாட்டேன்யா. வேற வண்டி ஏறு, கட்டறேன்" என்றாள்.

மறுநாள் டிபன் கேரியர் பரண் மேல் இருந்தது.

அப்படித்தான் வேலை தேட ஆரம்பித்தோம். ஆரம்பித்தோம் என்கிறேனே, தேடினது அவன், கூடப் போனது நான். எனக்கு வீட்டில் என்ன வேலை? "டிரைவர் தேவை" என்று ஊரெல்லாம் எழுதி ஒட்டியிருக்கிறது, போனில் தினமும் வருகிறது. போய் நின்றால்தான் தெரியும், பாதி இடம் டிப்பரைவிட மோசம். ஓரிடத்தில் அவன் வயதைக் கேட்டுவிட்டு "அப்புறமா போன் பண்றோம்" என்றார்கள். அந்தப் போன் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. இன்னோரிடத்தில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். "சம்பளமா, நடையா?" என்று சிவா கேட்டான். "நடைதான்பா" என்றார்கள். டீயைக் குடிக்காமல் எழுந்துவிட்டான். நான் என்னுடையதைக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். டீ என்ன பாவம் செய்தது?

இத்தனைக்கும் காலையில் எழுந்து சவரம் செய்து, காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போவதை அவன் நிறுத்தவில்லை. "மாப்ள இன்னா, வண்டியில்லாமலே டூட்டிக்கு வந்துக்கினு இருக்கற?" என்று கிண்டல் செய்தார்கள். "வண்டி வரும்போது நான் ரெடியா இருக்கணும்ல" என்பான்.

பிறகு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் டிரெய்லருக்கு ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள். மாதச் சம்பளம், வாரத்தில் ஒரு நாள் லீவு, வண்டியில் ஏசி. சிவாவுக்கு அந்த வண்டியைப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது. டெஸ்டு உள்ளே, பெரிய சிமென்டுத் தரையில். என்னை உள்ளே விடவில்லை. கேட்டுக்கு வெளியே கம்பி வேலி ஓரமாக நின்று பார்த்தேன்.

அங்கே பெயிண்டர்கள் மஞ்சள் கோடு போடுவதற்காகத் தரையில் நூல் பிடித்திருந்தார்கள். தரையை ஒட்டினாற்போல், ஒரு விரல் உயரத்தில். சிவாவுக்கு முன்னால் ஓட்டினவர்கள் அதன் மேலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். நூல் அறுந்தது, பெயிண்டர் முணுமுணுத்துக்கொண்டே முடிச்சுப் போட்டார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிவா வந்தான். நூலுக்குப் பத்தடி முன்னால் வண்டி நின்றது. எஞ்சின் அணைந்தது.

பெயிண்டர் குனிந்து தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவா அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி சிவாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான், அவன் என்ன செய்கிறான் என்று அந்த இடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வேலிக்கு வெளியே நிற்கிறேன். கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினேன், நான் தூக்கி என்ன பிரயோஜனம்? பாவில் நிற்கிறவர் அல்லவா தூக்க வேண்டும். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அதிகாரி கதவைத் திறந்து இறங்கிவிட்டார்.

"வண்டி ஆஃப் ஆயிடுச்சுன்னா திரும்ப ஸ்டார்ட் பண்ணத் தெரியணும்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு வருகிறது, அடக்க முடியவில்லை. "சிரிக்காதீங்க மாமா" என்றான். "உங்கப்பனை நெனச்சிக்கினேன்டா" என்றேன். அதற்கும் அவன் சிரிக்கவில்லை. அப்புறம் எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாளிலிருந்து சவரம் செய்வதை விட்டுவிட்டான். ஸ்டாண்டுக்கும் போகவில்லை. டிப்பர் முதலாளி கூப்பிடுகிறார், திங்கட்கிழமை ஏறிவிடுகிறேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். மல்லிகா தறியை நிறுத்தினாள்.

"நூலாண்ட ஏன் நின்னேன்னு அந்த ஆளு கேட்டாரா?"

"கேக்கல."

"நீ சொன்னியா?"

"கை தூக்குவாங்கன்னு பாத்தேன்."

"கை தூக்கணும்னு அங்க யாருக்குய்யா தெரியும்? அது இன்னா நம்ம தெருவா? நின்னது தப்பில்ல. வாயத் தொறக்காம நின்னியே, அதான் தப்பு. அப்படியே உங்கப்பன்."

இந்த வரியை விட்டுவிடலாம் பெரியப்பா என்று மல்லிகா இப்போது பேனாவை வைத்துவிட்டாள். உன் மாமனார்தானே, கேட்டுச் சிரிப்பான், எழுதுமா என்றேன். எழுதிவிட்டாள்.

அவள் சொன்னதும் அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்று நினைக்காதே. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துத்தான் இருந்தான். அவனை எழுப்பினது அந்த டிப்பர் முதலாளியின் ஆள். வாசலில் பைக்கை நிறுத்திக்கொண்டு, "எங்க போனாலும் உன்ன எடுக்கமாட்டாங்கன்னு ஐயாவுக்குத் தெரியும். அதான் எடத்த வெச்சிக்கினு இருக்காரு. வந்துடு" என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னானோ என்னவோ. சிவா வெளியே வந்தான். "ஐயாவ வேற ஆளு பாத்துக்கச் சொல்லு" என்றான். பைக் திரும்பின சத்தம் அடங்கினதும் உள்ளே பிளேடு தேடுகிற சத்தம் கேட்டது.

அதற்கப்புறம்தான் பால் டேங்கர். திருப்புட்குழி தாண்டி ஒரு பால் டெப்போவில் ஆள் வேண்டும் என்று ஸ்டாண்டில் சொன்னார்கள். சிவாவைக் கிண்டல் செய்தவர்கள்தான் கூப்பிட்டுச் சொன்னார்கள், அதையும் எழுதச் சொல்லிவிடுகிறேன். அங்கேயும் டெஸ்டு. ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் வழக்கம்போல வெளியே. உள்ளே நடந்ததை இரண்டு பேருமே பிறகு சொன்னார்கள்.

"சார், ரைட்ல சைக்கிள் வருது, வுட்டுட்டுத் திரும்பறேன்."

"ம்."

"சார், நாய் படுத்துக்கினு இருக்குது. எழுந்திரிக்கட்டும்னு நிக்கறேன். வண்டி ஆஃப் ஆகல."

"எனக்கும் கண்ணு இருக்குதுப்பா."

"இருக்கட்டும் சார். சொல்லாம ஒரு வேலை போயிடுச்சி."

எந்த வேலை என்று அவர் கேட்க, இவன் நூல் கதையைச் சொல்ல, அவர் சிரித்துச் சிரித்து இருமல் வந்து தண்ணீர் குடித்தாராம். அதற்காக எடுத்தார் என்று நினைத்துவிடாதே. டேங்கரை ரிவர்ஸில் கொண்டுபோய்க் குழாய்க்கு நேராக ஒரே மூச்சில் நிறுத்தினான், அதற்காக எடுத்தார். அதுவும் உடனே இல்லை. லீவு போடுகிறவர்களின் வண்டியைக் கொஞ்ச நாள் ஓட்டச் சொன்னார். இப்போதுதான் தனி வண்டி கொடுத்திருக்கிறார்கள்.

ஏசி கிடையாது. ஆனால் மாதச் சம்பளம். பால் கெடக் கூடாது என்ற அவசரம் உண்டு, ஆனால் அது நேரத்தோடு முடிந்துபோகிற அவசரம். இருட்டுவதற்குள் வீட்டில் இருக்கிறான். மல்லிகா பரண் மேலிருந்து கேரியரை இறக்கிவிட்டாள். தெருவில் இருக்கிற பூனையெல்லாம் அவன் சட்டையை மோந்துகொண்டு பின்னாலேயே வருகிறது. இதைத்தான் நீ முதலில் கேட்டிருப்பாய். இப்போது தெரிந்துகொண்டாயா?

போன வாரம் அவன் லீவன்று சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். அத்தனை இடத்தில் வேண்டாம் என்றார்களே, மறுபடி மறுபடி எப்படிடா போனாய் என்று கேட்டேன். மல்லிகா திட்டினதைச் சொல்வான், பைக்கில் வந்தவன் பேச்சைச் சொல்வான் என்று பார்த்தேன்.

"நூலாண்ட நின்னப்ப சைடு கண்ணாடியப் பாத்தேன் மாமா. வேலியாண்ட நீங்க நின்னுக்கினு இருந்தீங்க. பால் டெப்போலயும் பாத்தேன், அங்கயும் நின்னுக்கினு இருந்தீங்க. இது போனாலும் பஸ்ஸுல கூட வர ஒரு ஆளு இருக்குதுன்னு இருந்தது" என்றான்.

உண்மையைச் சொல்கிறேன், மச்சான். நான் வெயிலுக்கு நிழல் தேடித்தான் அங்கே நின்றேன். அது கண்ணாடியில் விழுகிற இடம் என்று எனக்குத் தெரியாது.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன் படத்துக்குக் கீழே நின்று இதைப் படிக்கிறவர்களும் கேட்டுக்கொள்ளட்டும். நல்ல வண்டி தேடி டெஸ்டுக்குப் போகிறவன் யாரும் தனியாகப் போக வேண்டாம். காலையில் இந்த டீக்கடையில்தான் இருப்பேன், ஒரு குரல் கொடுத்தால் கூட வருவேன். எப்படி ஓட்ட வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதே பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பி வருவேன். இனிமேல் நிழல் பார்த்து நிற்கமாட்டேன். கண்ணாடியில் தெரிகிற இடமாகப் பார்த்து நிற்பேன்.

நீ வாயால் வைத்த உறவில்,
உன் மச்சான்
முசரவாக்கம் மாரி
(கைநாட்டு. எழுதியது உன் மருமகள் மல்லிகா.)