தையல் வேலை என்று தேடினால்

அன்புள்ள அம்மாவுக்கு ஜாஸ்லின் எழுதுவது. பூந்தமல்லியில் நானும் மாமா வீட்டாரும் நலம். உன் முதுகுவலி குறைந்ததா?

சில நாள் முன்புவரை மாமாவின் வேலைவாய்ப்பு இணையதளத்தை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஆள் தராவிட்டால் வேறிடம் போவதாக அயனம்பாக்கம் துணி நிறுவனம் சொல்லிவிட்டது. தளத்துக்குள் போய்ப் பார்த்தால், மாமா அந்த வேலைக்கு ‘கார்மென்ட் எக்ஸிகியூட்டிவ்’ என்று தலைப்பு வைத்திருக்கிறார்.

“மாமா, இதை யாரு தேடுவாங்க?”

“டெய்லர்னு போட்டா இன்னா கெத்து கீது?”

“இதுல கெத்து இருக்கு. ஆளுதான் இல்ல.”

மாமா சிரித்துவிட்டார். மக்கள் போனில் தேடுகிற மாதிரியே, ‘அயனம்பாக்கத்தில் பெண்களுக்குத் தையல் வேலை, தங்க இடம் உண்டு’ என்று மாற்றினேன். ஆள் எடுத்து முடித்த பழைய விளம்பரங்களையும் நீக்கினோம். புதன்கிழமையிலிருந்து மாமாவின் போன் ஓயவில்லை. குமணன்சாவடியிலிருந்து ஒரே தெருப் பெண்கள் சேர்ந்தே வந்தார்கள். நிறுவனம் நம்மிடமே இருக்கிறது.

என் பள்ளிச் சீருடை இடுப்பில் இறுக்குகிறது. நீ தைத்ததை இங்கே யாரிடமும் பிரிக்கக் கொடுக்க மனமில்லை. லீவுக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.

டியூஷனுக்கு நேரமாகிவிட்டது. நம் ஊரிலிருந்து தேடினாலும் அந்த விளம்பரம் வருகிறதா என்று பார்த்துச் சொல். இன்னும் ஓர் இடம் காலியாக இருக்கிறது. மாமாவிடம் சொல்லி அதை யாருக்கும் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறேன், அம்மா.

உன் மகள்,
ஜாஸ்லின்