கல்லில் இருந்த போலக்கா

பாலசமுத்திரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தம்பி லோகேஸ்வரனுக்கு,

அக்கா ஸ்வர்ணலதா எழுதுவது. குவைத்தில் வெயில் எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடு. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் நடந்ததைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதி, போனில் படம் பிடித்து அனுப்புகிறேன்.

தெலுங்கு பேசும் ஊரில் தமிழ் எதற்கு என்று பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பை மூடப் போவதால், உன் அண்ணன் திருமலை மனுவோடு அலைந்தது உனக்குத் தெரியும். "நீங்கல்லாம் அந்தத் தமிழ்ப் பக்கத்துலேர்ந்து பொழைக்க வந்தவங்க" என்று யாராவது சொன்னால் அவனால் தாங்க முடியாது. போன மாதம் ஏரியில் மண் வெட்டும்போது எழுத்துள்ள கல் ஒன்று கிடைத்தது. பழைய தமிழ் எழுத்து என்று தெரிந்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கல்லுக்கு மாலை போட்டான், மேளம் வைத்தான். கல்வெட்டு படிக்கத் தெரிந்த சுமித்ரா என்ற அம்மாவைத் திருப்பதியிலிருந்து அழைத்து வந்தான். அவனோடு எப்போதும் மல்லுக்கு நிற்கும் தெலுங்குக்காரர் ரமணாவையும் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்தான்.

அந்த அம்மா எழுத்தைத் தடவித் தடவிப் படித்தார். போகப் போகக் குரல் இறங்கியது. "சத்தமா சொல்லும்மா, அல்லாரும் கேக்கட்டும்" என்றான் திருமலை.

சொன்னார். தெற்கேயிருந்து வந்த சோழர் படை இந்த ஊரை எரித்ததாம். பிடிபட்டவர்களைக் கோயில் நிலத்தில் உழைக்கக் கொடுத்தார்களாம். வேறு பாஷை பேசிய அவர்களுக்குத் தமிழ்ப் பேர் வைத்தார்களாம். "போலக்கா, இனி இவள் பேர் உமைநங்கை" என்று அவர் படித்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். ஆடியில் கூழ் ஊற்றும்போது நம் வீட்டுப் பெண்கள் மட்டும் கூப்பிடும் பேர் அந்தப் போலக்கா, லோகு. அம்மன் பேர் என்றுதானே நினைத்திருந்தோம், நம் முப்பாட்டி பேராக இருந்திருக்கிறது!

ரமணாகூடச் சிரிக்கவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

வீட்டுக்கு வந்ததும் திருமலை மனுவைக் கிழிக்கப் போனான். "அட்ச்சிக் குட்த்த பாஷைக்காவா இத்தினி நாளா சண்ட போட்டுக்கினு இருந்தேன்?" என்று கத்தினான். அவன் மகள் தேன்மொழி பயந்துபோய், "நைனா, என் பேரையும் மாத்திடுவாங்களா?" என்று கேட்டாள். அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். அம்மா செத்தபோதுகூட அவன் அப்படி அழுததில்லை.

மனுவைக் கிழிக்கவில்லை. கொண்டுபோய்க் கொடுக்கவும் இல்லை. வருகிற வெள்ளிக்கிழமைதான் மனு கொடுக்கக் கடைசி நாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறான், இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்துவிடுகிறான்.

தமிழை வைத்துக்கொண்டு இங்கே என்ன கிடைக்கும் என்று நீ கேட்டுவிட்டு விமானம் ஏறியதிலிருந்து உங்களுக்குள் பேச்சு இல்லை. இப்போதாவது அவனுக்குப் போன் பண்ணு. நான் அன்றைக்கே சொன்னேனே என்று மட்டும் சொல்லிவிடாதே. என்ன பேசுவதென்று தெரியாவிட்டால், அண்ணா என்று ஒரு வார்த்தை கூப்பிடு. அது போதும்.

நீ எங்கே இருந்தாலும் நல்லபடியாக இருக்க வேண்டும்.

உன் போனுக்காக அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்,
அக்கா ஸ்வர்ணலதா