பொன்னுருக்கிய பின் ஒரு கொத்துரொட்டி

21 மே 2024, செவ்வாய்

இன்றும் பார்மசியில் ஒரு அன்ரி மருந்தை வாங்கிவிட்டுப் போகாமல் நின்றார். "கௌசி, உமக்கு முப்பத்துமூண்டு முடியுது என்ன?" என்று கேட்டார். அவருடைய முதுகுவலிக்கும் என் வயதுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு நாளைக்கு இரண்டு குளிசை, சாப்பிட்ட பிறகு என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

கம்சிகாவும் நானும் ஏழு வயதில் சிநேகிதமானோம். டூட்டிங்கில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம், தேவாரம் மனப்பாடமில்லை, இரண்டு பேரும் ஒரே கழிவறையில் ஒளித்திருந்தோம். இருபத்தாறு வருடமாகிறது. இன்னும் ஒளிக்கிறோம், இப்போது அம்மாமாரிடமிருந்து.

அடுத்த மாதம் அவள் றமணனைக் கட்டுகிறாள். ஜெர்மனியிலிருந்து மனோர் பார்க்குக்கு வந்து குடியேறிய குடும்பம். நல்லவன். அதுதான் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் ஏதாவது சொல்லித் தடுக்கலாம்.

விவேக் என்னைக் கட்டலாமா என்று கேட்டும் ஒரு வருடமாகிறது. "பாப்பம்" என்று சொல்லி வைத்தேன். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாருக்கு என்ன அவசரம்?

7 ஜூன், வெள்ளி

றமணன் வீட்டில் தாலிக்குப் பொன்னுருக்கினார்கள். இனிக் கல்யாணம்வரை அவனும் அவளும் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது. வாசல் தாண்டக் கூடாது. மச்ச மாமிசம் தொடக் கூடாது. ஒன்பது நாள்!

கம்சிகா குளியலறைக்குள் இருந்து போன் எடுத்தாள். "எனக்கு விசர் பிடிக்கப்போகுது கௌசி. புட்டும் பருப்பும், புட்டும் பருப்பும்."

நாளைக்கு வருகிறேன் என்றேன்.

8 ஜூன், சனி

செய்தேன். அவளுடைய அம்மா கலாவதி அன்ரி மத்தியானம் கண்ணயர்ந்த நேரம், பின்கதவால் அவளை வெளியே எடுத்தேன். கோலியர்ஸ் வுட்டிலிருந்து டூட்டிங் கொத்துக்கடைக்குக் காரில் பத்து நிமிடம். இரண்டு ஆட்டிறைச்சிக் கொத்து, உறைப்புக் கூடப் போட்டு.

கடைசி மேசையில் ஒருவன் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு, தட்டுக்குள் தலையை வைத்துத் தின்றுகொண்டிருந்தான். நிமிர்ந்தான். றமணன்! தங்கள் பக்கத்துக் கடையில் யாராவது கண்டுவிடுவார்கள் என்று, லண்டனின் அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு வந்திருக்கிறான். அவன் தட்டிலும் ஆட்டிறைச்சி.

வயிறு நோகச் சிரித்தோம். பிறகு மூன்று பேரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டோம். யாரோ ஒரு புண்ணியவான் படம் எடுத்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

9 ஜூன், ஞாயிறு

படம் எல்லா வட்ஸ்அப் குழுவுக்கும் போய்விட்டது. கலாவதி அன்ரி போன் எடுத்தார். "நீ இனி எங்கட படி மிதிக்காதை. கலியாணத்துக்கும் வராதை."

றமணனின் தாய் தவநாயகி அன்ரி, அபசகுனம், கல்யாணத்தைத் தள்ளவேண்டும் என்கிறாராம். அடக்கமில்லாத பெட்டையாம். அவவின்ர மோன் வாய் நிறையக் கொத்தோட இருக்கிறதும் அதே படத்திலதானே கிடக்கு? அது ஒருத்தருக்கும் தெரியேல்லையோ? இல்லாட்டி ஆம்பிளை திண்டால் சகுனம் பாக்காதோ?

பின்னேரம்.

ஏன் கூட்டிக்கொண்டு போனேன்? கொத்துத்தான் பிரச்சினை என்றால் பார்சலில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாமே. இன்னும் ஒரு தடவை அவள் எனக்காகப் பின்கதவால் ஓடி வருவாளா என்று பார்க்க ஆசைப்பட்டேன். அவள் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்ற பயம். எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் உண்மை அதுதான்.

10 ஜூன், திங்கள்

லீவு போட்டுவிட்டு மனோர் பார்க் போனேன். தவநாயகி அன்ரி கதவை அரைவாசிதான் திறந்தார். கூட்டிக்கொண்டு போனது நான், ஏசுவதென்றால் என்னை ஏசுங்கள் என்றேன். ஏசினார். பத்து நிமிடம் வாசலில் நின்று கேட்டேன். அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் சொன்னேன்.

"அன்ரி, பிழையெண்டால் ரெண்டு பேரிலயும் பிழை. தள்ளுறதெண்டால், என்ர மகனும் அடக்கமில்லாதவன் எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டுத் தள்ளுங்கோ."

அவருக்குப் பின்னால் மாடிப்படியில் றமணன். "ஓம் அம்மா, கடைக்கு முதல் போனது நான்தான். கலியாணம் ஞாயிற்றுக்கிழமை. நான் தள்ளமாட்டன்."

அன்ரி கதவை முழுதாகத் திறந்தார். கடைசியில், முருகன் கோயிலில் இரண்டு பேர் பெயரிலும் அர்ச்சனை செய்தால் போதும் என்றார். நான் திரும்பி நடக்க, கூப்பிட்டு என் நட்சத்திரத்தைக் கேட்டார். எனக்குத்தான் அர்ச்சனை கூடுதலாகத் தேவையாம்.

16 ஜூன், ஞாயிறு

வராதே என்றால் வராமல் விடுவேனா? சேலை கட்டிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் இருந்தேன். தாலி ஏறியது. மணமக்களை வாழ்த்தி அறுகரிசி போட எல்லோரும் சோடி சோடியாக மேடையில் ஏறினார்கள். நான் தனியாக ஏறினேன். கலாவதி அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அறுகரிசித் தட்டை என் பக்கம் நீட்டினார்.

கம்சிகா மெல்லமாகச் சொன்னாள், "அழாதை, மை கரையுது."

நான் அழவில்லை. சரி, அழுதேன்.

17 ஜூன், திங்கள்

அவள் கோலியர்ஸ் வுட் வீட்டில் இல்லாத முதல் நாள். பார்மசி ஒன்பது மணிக்கு வழக்கம்போலத் திறந்தது.

30 ஜூன், ஞாயிறு

விவேக்குக்கு ஓம் சொன்னேன். வயதுக்காக இல்லை, அன்ரிமாருக்காக நிச்சயமாக இல்லை. இவ்வளவு நாளும் நான் அவனைப் பார்க்கவில்லை, அவனிடமிருந்து ஒளித்திருந்தேன். வெள்ளிக்கிழமைகள் கம்சிகாவுக்கு என்றேன். என்னை அடக்கமான பிள்ளை என்று யாருக்கும் அறிமுகப்படுத்தக் கூடாது என்றேன். அப்படிச் சொன்னாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்றான்.

25 ஓகஸ்ட் 2025, திங்கள், பாங்க் ஹொலிடே

காலையில் விவேக் வீட்டில் எனக்குப் பொன்னுருக்கினார்கள். அம்மா கார்த் திறப்பை எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்துவிட்டார்.

இரண்டு மணிக்குப் பின்கதவில் தட்டுச் சத்தம். நான் பதினொரு மணியிலிருந்தே சப்பாத்தோடுதான் இருந்தேன். திறந்தேன். கம்சிகா என் காலைப் பார்த்தாள்.

"கழட்டு," என்றாள்.

என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, அம்மாவுக்கு முன்னாலேயே பார்சலை மேசையில் வைத்தாள். அம்மா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். தனக்கும் ஒரு சாப்பாட்டுக் கோப்பை எடுத்துவரப் போனார்.

கரட், லீக்ஸ், கோவா, எல்லாம் மரக்கறி. இறைச்சியின் மணம்கூட இல்லை. எங்கேயடி ஆட்டிறைச்சி என்றேன். அது கல்யாணத்துக்குப் பிறகு என்றாள், அச்சொட்டாகக் கலாவதி அன்ரியின் குரலில்.

உறைப்பு மட்டும் கூடப் போடச் சொல்லியிருந்தாள்.