பின்பலகைத் துளை

தேன்மொழி,

நீ கோபித்துக்கொண்டு லாபிஸில் உள்ள உன் அம்மா வீட்டுக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. போட்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

நான் வாங்கிய அந்தப் பழைய ஸ்பீட் போட்டின் பின்பலகையில், அடியில் ஒரு துளை இருந்தது. யாரோ செய்த தவறு என்று நினைத்து ஃபைபர் வைத்து அடைத்துவிட்டேன். நேற்றுதான் அதை வடிவமைத்தவரின் வரைபடம் கிடைத்தது. துளையை அவரேதான் வைத்திருக்கிறார். அடிப்பாகம் கூரான ‘வி’ வடிவம். வேகத்தில் அலையை வெட்டும், நின்றால் பக்கவாட்டில் ஆடும். அதனால் நிற்கும்போது அதற்கென்றே உள்ள தனி அடியறையில் தண்ணீர் புகுந்து கனம் கொடுக்க வேண்டும். ஓடும்போது தானே வடிந்துவிடும்.

அன்று படகுத்துறையில் நீ போட்டில் எழுந்து நின்றதும் அது சாய்ந்தது, தண்ணீரில் விழுந்தாய். “நேரா நிக்கக்கூடத் தெரியாதா?” என்று கத்தினேன்.

“போட்டுதாங்க ஆடுது, நான் ஆடல லா,” என்றாய்.

போட்டைப் பழுதுபார்த்த என் கணக்கெல்லாம் சரி என்றேன்.

இன்று காலை துளையைத் திறந்து போட்டை இறக்கினேன். நீ நின்ற ஓரத்திலேயே நின்றேன். கொஞ்சம் சாய்ந்தது, அவ்வளவுதான். நீ சொன்னதுதான் சரி.

சனிக்கிழமை வருகிறேன். உன் அண்ணன் முன்னால் கத்தினேன். தவறு என்னுடையது என்பதையும் அவர் முன்னாலேயே சொல்கிறேன். அதற்குப் பிறகு தம்போயில் நம் வீட்டுக்கு வருவதா வேண்டாமா என்பதை நீ முடிவு செய். நான் வாதாட மாட்டேன்.

உன் கணவன்