கையில் எழுந்த பாட்டு

அப்பா,

லேபுக்குக் கிளம்புகிறேன். அம்மா கடைக்குப் போயிருக்கிறாள். சூப் பிளாஸ்கில் இருக்கிறது. தொண்டையில் போட்ட தையல் இன்னும் காயவில்லை. ஆறவைத்து, சிறு சிறு மிடறாகக் குடியுங்கள்.

நேற்று குடும்ப ஜெபத்தில் நன்றி சொல்லும் முறை உங்களுக்கு வந்தபோது, "குரலே போச்சு, இனி எதுக்கு நன்றி?" என்று சிலேட்டில் எழுதினீர்கள். "நாங்க ரெண்டு பேர் இருக்கோமே, கணக்குல வரமாட்டோமா?" என்று கத்திவிட்டேன். "வாயில்லாப் பூச்சிக்கும் வாய் வந்துடுச்சு!" என்று அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நீங்கள் சிரிக்கவில்லை. கத்தியதற்கு மன்னியுங்கள்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியுமா? நானும் அம்மாவும் பாடப் பாட சுருதி இறங்கிக்கொண்டே போனது. உங்கள் கை தானாக மேலே எழுந்தது. நாங்களும் அதோடு ஏறினோம். நீங்கள் கண்ணை மூடியிருந்தீர்கள், முகமெல்லாம் சந்தோஷம். ஒலி பரவ ஊடகம் வேண்டும் என்று படித்தவள் நான். ஆனாலும் காற்றில் இல்லாத உங்கள் குரல் நேற்று அறை முழுக்கக் கேட்டது. குரல் போன பிறகும் பாட்டை ஆண்டவர் உங்களிடமே விட்டுவைத்திருக்கிறார்.

நான்கு மணிக்கு, நீங்கள் பாடிவந்த கோயில் பாடகர் குழுவின் தலைவர் வருவார். கையசைத்துக் குழுவை நடத்த வரும்படி உங்களைக் கேட்கப்போகிறார். ஆபரேஷனுக்குப் பிறகு யாருக்கும் கதவைத் திறக்காத நீங்கள், இன்று திறப்பீர்களா?

சாவி ஆணியில் தொங்குகிறது.

பி.கு.: அவரை அழைத்தது அம்மா இல்லை, நான்தான். நான் போனில் இரண்டு வார்த்தை பேசியதும், "அப்படியே உங்கப்பா பேசுற மாதிரியே இருக்கும்மா!" என்றார். அதற்குப் பிறகு பேச எனக்குக் கூச்சமே வரவில்லை.