அக்கா, நான் தாண்டிப் போன நாற்பது பக்கங்கள்

என் ராஜிக்காவுக்கு,

நீ போய் ஏழு மாசம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். நீ உயிரையே வைத்திருந்த அந்த நாவல் எனக்குப் பிடிக்கவில்லை.

இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் உன்னை வலியசாலை வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். புத்தகத்தைத் தூக்கிப் பிடிக்க உனக்குத் தெம்பில்லை. "நீ படிச்சுக் காட்டேன்டி" என்றாய். கழக்கூட்டத்தில் ஆபீஸ் முடிந்து, பஸ்ஸில் நசுங்கி வந்து உட்கார்ந்தால், கதையில் ஒரு குடும்பம் படகில் போய்க்கொண்டே இருக்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல் நாற்பது பக்கத்தைச் சேர்த்துப் புரட்டி, கரையில் நடக்கிற விருந்துக்குத் தாவிவிட்டேன்.

கண்ணை மூடியிருந்த நீ கேட்டாய்: "என்னடி, படகே இன்னும் கரைக்கு வரலை. அதுக்குள்ள இலை போட்டாச்சா?"

"ஒண்ணுமே நடக்கலையே அக்கா! தண்ணியும் துடுப்புமா எத்தனை நாழி? யாருக்கு நேரம் இருக்கு?" என்று எரிந்து விழுந்தேன்.

நீ கோபப்படவில்லை. "சரி, உனக்குத் தோணற மாதிரி படி" என்றாய். அப்படியே தாவித் தாவி நான்கே நாளில் முடித்தேன். அடுத்த வாரம் நீ இல்லை.

யாருக்கு நேரம் இருக்கு என்று உன்னிடமா கேட்டேன்?

போன மாசம் உன் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து, விட்ட பக்கங்களை உன் கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தேன். அதில் எனக்கென்று ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. வெயில் ஏறுகிறது, குழந்தை தூங்குகிறது, படகு போகிறது. ஏமாற்றத்தில் அழுகையே வந்துவிட்டது. உனக்கு மட்டும் இதில் என்ன கிடைத்தது? ஒரு தடவையாவது ஏன் நான் கேட்கவில்லை?

நிமிர்ந்தால் கதவருகில் அத்திம்பேர். உன் காரியம் முடிந்ததிலிருந்து யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாதவர்.

"நிறுத்தாதே, கேட்டியா," என்றார். "அவ எனக்கும் இதைப் படிச்சுக் காட்டுவா. நான் பாதியிலேயே தூங்கிடுவேன். அவாள்லாம் கரைக்கு வந்தாளான்னு எனக்கு இன்னும் தெரியாது."

இப்போது சனிக்கிழமைதோறும் வருகிறேன். அவர் கண் அயர்ந்தால் அந்த வரியிலேயே நிறுத்திவிடுகிறேன்.

ஒரு வரிகூட விடாமல் அவருக்கு முழுசாகப் படித்துக் காட்டுவேன், அக்கா. இது சத்தியம். எனக்கு அது பிடித்துவிடும் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது. பிடிக்கவில்லை என்று சொல்லிச் சண்டை போடத்தான் நீ வேண்டியிருக்கிறது.

உன் கூடப் பிறந்தவள்,
மீனு