மூச்சு கேட்கிற ஸ்பீக்கர்

மச்சான்,

இன்று மாமல்லபுரத்தில் ஒரு வீட்டில், பழைய ஸ்பீக்கரின் பின்பக்க ஓட்டையில் மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தேன். அதை விற்றுவிட்டு வெளியூர் கிளம்பும் அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார் மோந்து பாக்கறீங்க, ஸ்பீக்கரா, மீனா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே நீயும் வந்துவிட்டாய். "உள்ள காயில் கருகின நாத்தம் வந்தா வெலயே கேக்காத, நடையக் கட்டு" என்பாயே, அந்த நாற்றம் இல்லை. உப்பும் தூசியும்தான்.

நமக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது கம்பெனி பஸ்ஸில்தானே? செங்கல்பட்டில் என் அறையில் உன் முதல் பாட்டைப் பதிவு செய்து, படம் பார்க்க வாங்கிய ஹோம் தியேட்டரில் கேட்டுக் கேட்டுச் சரிசெய்தோம். மேளம் இடித்தது, குறைத்தோம். இன்னும் இடித்தது, இன்னும் குறைத்தோம். மறைமலைநகர் போகும் பஸ்ஸில் பெருமையாகப் போட்டால், உன் குரல் மட்டும் அம்போவென்று தனியாக நின்றது. "இன்னாடா, மேளக்காரனுக்கு லீவா?" என்று பின்சீட்டில் ஒருவன் கேட்க, பஸ்ஸே சிரித்தது. நீதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாய்.

"மேளத்து மேல தப்பு இல்ல மச்சான். அந்தப் பொட்டி மேளத்த ஏத்திக் காட்டி நம்மள ஏமாத்திகினு இருந்துக்குது. உள்ளத உள்ளபடி சொல்ற பொட்டி வேணும்" என்றாய்.

அப்புறம் ஞாயிறானால் பழைய ஸ்பீக்கர் வேட்டைதான். அப்படிச் சொல்கிற புது மானிட்டர் ஸ்பீக்கர் நம் சம்பளத்துக்கு எட்டாது. படாளத்தில் ஒருவர், ஸ்பீக்கரின் கிழிந்த கூம்பை நெயில் பாலிஷ் பூசி ஒட்டியிருந்தார். "இன்னாங்க, ஸ்பீக்கருக்குக் கல்யாணமா?" என்று கேட்டுவிட்டு எழுந்தாய். விற்கிறவர் போடும் பாட்டுக்கு நீ காதே கொடுக்க மாட்டாய். எதையும் திருத்தாத உன் குரலைப் போனிலிருந்து போடுவாய். அது எப்படி இருக்கும் என்று நம் இருவருக்கும் தெரியும், பொய் சொன்னால் பிடித்துவிடலாம். ஒரு ஜோடிகூடத் தேறவில்லை. அதற்குள் உன் நெஞ்சு கெட்டது, நீ போய்விட்டாய்.

உடம்பு முடியாதபோது உன் பாப்பாவுக்காக நீ பாடி வைத்த தாலாட்டு, மேளத்தோடு சேர்த்துச் சரிசெய்யாமல் அப்படியே கிடந்தது. "பாப்பா கேட்டுகினே கீதுண்ணா, முடிச்சிக் குடு" என்றாள் உன் மனைவி. அதற்காகத்தான் இன்று போனேன்.

அங்கே இரண்டு ஜோடிகள் இருந்தன. பளபளவென்ற பெரிய ஜோடியில் முதலில் தாலாட்டைப் போட்டேன். உன் குரல் நிறைந்து வந்தது, நோயே படாதவன் மாதிரி. கண் கலங்கிவிட்டது. பணத்தை எடுக்கப் பைக்குள் கைவிட்டேன். ஆனால் ஒரு சந்தேகம். பாடும்போது நீ என் பக்கத்தில்தானே இருந்தாய்? வரிக்கு வரி நீ திணறியது எனக்குத் தெரியும். அது எங்கே போயிற்று?

கடற்காற்றில் திருகாணி துருப்பிடித்த சின்ன ஜோடியில் அதையே போட்டேன். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நீ மூச்சை இழுப்பது கேட்டது. இரண்டாவது அடியில் குரல் லேசாகக் கரகரத்து, பிறகு தேறியது. கேட்கக் கஷ்டமாக இருந்தது. "அது சின்னதுங்க, வெல கம்மி. பெர்சுதான் சூப்பரா பாடும்" என்றார் அந்த அம்மா. பாடத்தான் செய்கிறது. எனக்கு வேண்டியது நீ பாடியது.

சின்னதைத்தான் பைக்கில் கட்டி எடுத்து வந்தேன். சுவரிலிருந்து தள்ளி வைத்திருக்கிறேன், ஒட்டி வைத்தால் மேளம் வீங்கும் என்று நீ சொன்னபடியே. இந்த வேலையில் மூச்சுச் சத்தத்தை வெட்டி எடுத்துவிடுவது வழக்கம். வெட்டுவதற்காகக் கம்ப்யூட்டரில் முதல் வரியின் மூச்சில் கர்சரை வைத்தேன். பாப்பா தூங்கியபோதெல்லாம் உன் மார்மேல்தானே தூங்கினாள்? பாட்டைவிட அவளுக்கு உன் மூச்சுதான் பழக்கமான சத்தம்.

மேளத்தைச் சரியாக வைத்துவிட்டேன், மச்சான். மூச்சு எதையும் வெட்டவில்லை.